ஒரே பைபிள், ஏன் வேறு வேறு நிலைப்பாடு?

எல்லாச் சபைகளும் ஒரே பைபிளைத்தானே வாசிக்கின்றன, அப்புறம் தன்பாலின உறவு பற்றி ஏன் ஒரே முடிவுக்கு வரவில்லை? இதற்குப் பெரிய காரணம் திருச்சபை மரபு. அதாவது, வசனங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சபை புரிந்துகொண்டு நடந்துவந்த விதம்.

தாத்தா எழுதிவைத்த உயிலை நினைத்துக்கொள்ளுங்கள். "இதுவரை வீட்டில் நடந்தபடியே நடக்கட்டும்" என்பார் ஒரு மகன். "அவர் எந்தச் சூழலில் எழுதினார் என்று பார்ப்போம்" என்பார் இன்னொருவர்.

கத்தோலிக்க, ஆர்த்தடாக்ஸ் சபைகளில் வேதத்தோடு மரபுக்கும் பெரும் அதிகாரம் உண்டு. அவை தன்பாலின உறவை ஏற்க மறுக்கின்றன. சீர்திருத்தச் சபைகள் (புராட்டஸ்டன்ட்) வேதத்தையே இறுதி அளவுகோலாக வைத்தாலும் அங்கும் பிளவுதான். பைபிளில் பவுல் எழுதிய கடிதமான ரோமர் 1:26-27 எல்லாத் தன்பாலின உறவையும் கண்டிக்கிறது என்கிறார்கள் பலர். விக்கிரக வழிபாட்டோடு சேர்ந்த இச்சையைத்தான் பவுல் சாடுகிறார், வாழ்நாள் துணையாக வாழ்பவர்களை அல்ல என்கிறார்கள் மற்றவர்கள். இப்படி யோசித்த சுவீடன் திருச்சபை 2009 முதல் தன்பாலினத் திருமணத்தை நடத்திவைக்கிறது. இரு தரப்பும் வேதத்தை மதித்தே வாதாடுகின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

2023 டிசம்பரில் வத்திக்கான் தன்பாலினத் திருமணத்தை ஏற்றுக்கொண்டதாகப் பலர் நினைக்கிறார்கள். அது அனுமதித்தது, தன்பாலின ஜோடிகளுக்குத் திருமணச் சடங்கு போலத் தோன்றாத எளிய ஆசீர்வாதத்தை மட்டுமே.