பிள்ளையார்பட்டிக்குச் சுற்றுலாவாக வரலாமா?

"சாமி கும்பிடும் வழக்கம் எனக்கு இல்லை, குடைவரைக் கோயில் ஒன்றைப் பார்க்க மட்டும் பிள்ளையார்பட்டிக்கு வரலாமா, அரை நாள் போதுமா" என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வரலாம். ஆனால் நேரே போய் வரிசையில் நின்றீர்களானால் குடைவரையைப் பார்க்காமலே திரும்பிவிடுவீர்கள். காரைக்குடியில் பிறந்து, எனக்கு முதல் மொட்டை போட்ட நாளிலிருந்து அந்தக் கோயிலுக்குப் போய்வரும் நான் இதைச் சற்று வெட்கத்தோடுதான் சொல்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, என்னுடன் பணிபுரிந்த புனேக்காரர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். எலிபெண்டா, பாதாமி குகைக் கோயில்களைப் பார்த்தவர். பாதாமியின் மூன்றாம் குகை 578இல் குடையப்பட்டது என்று ஆண்டு முதற்கொண்டு சொல்லக்கூடியவர். அவரிடம், எங்கள் பக்கத்துக் குடைவரையில் இன்றும் பூசை நிற்கவில்லை என்று பெருமை பேசி, நாள் பார்க்காமல் சங்கடஹர சதுர்த்தியன்று அழைத்துப் போய்விட்டேன். இரண்டு மணி நேரம் வரிசையில் நின்ற பிறகு, கவசமும் மாலையுமாக இருந்த கற்பக விநாயகரைச் சில நொடிகள் பார்ப்பதற்குள் "நகருங்க, நகருங்க" என்ற குரலோடு வெளியே வந்து சேர்ந்தோம். ஊருணிக் கரையில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "குகை எங்கே?" என்பதுதான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டே கோயிலுக்குப் பின்புறம் கையைக் காட்டினார். அங்கே மொட்டைப் பாறை எழுந்து நின்றது. "மண்டபமெல்லாம் நகரத்தார் பிற்பாடு முன்னால கட்டுனது தம்பி. பிள்ளையாரு அந்தப் பாறையிலதான் இருக்காரு" என்றார். சிலையைக் கொண்டுவந்து வைக்கவில்லை, மலையையே குடைந்து அதன் சுவரில் புடைப்பாகச் செதுக்கியிருக்கிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் விடிந்ததும் நண்பர் தனியாகவே போய், கவசம் இல்லாத நேரத்தில் பார்த்துவிட்டு வந்தார். இரண்டே கைகள், அங்குசமும் பாசமும் கிடையாது, வலம் சுழித்த துதிக்கை, இடுப்பில் ஊன்றிய இடக்கை என்று இட்டிலி சாப்பிட்டபடி அவர் வரிசையாகச் சொல்ல, அந்த இடக்கையை அதுவரை ஒருமுறைகூடக் கவனித்திராத நான் சட்னியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோயில் என்ன காட்சிப்பொருளா என்று பக்தர்கள் சிலர் என்மீது கோபப்படலாம். நானும் கும்பிடுகிறவன்தான். கும்பிடாத ஒருவர் என்னைவிட நிதானமாகப் பார்த்தார் என்பதற்குமேல் நான் எதையும் சொல்லவில்லை. கருவறையில் படம் எடுக்காமல், வரிசையைக் குலைக்காமல் வருகிறவரை யாரும் பக்தியைச் சோதித்து உள்ளே விடுவதில்லை. சதுர்த்தி நாட்கள், ஜனவரி 1, ஆவணித் திருவிழாவின் பத்து நாட்கள் ஆகியவற்றைத் தவிர்த்து, சாதாரண வார நாளில் நடை திறந்ததும் போய்விடுங்கள். பிள்ளையாரோடு நின்றுவிடாமல், அதே குடைவரையில் உள்ள திருவீசர் லிங்கத்தையும் பாருங்கள். அதுவும் தனியே கொண்டுவந்து வைக்காமல், தாய்ப்பாறையிலேயே, அதாவது குடைந்த அதே மலைப்பாறையிலேயே செதுக்கப்பட்டது. பாண்டியர் குடைவரைகளில் இதுதான் பெரும்பாலும் வழக்கம்.

அரை நாள் போதாது. 3 கிலோமீட்டரில் இருக்கும் குன்றக்குடியில் எல்லோரும் சண்முகநாதரைப் பார்க்கப் படியேறிப் போய்விடுவதால், மலையடிவாரத்துக் குடைவரைகளில் பெரும்பாலும் ஆளே இருப்பதில்லை. மனித உருவில் நிற்கும் கருடனோடு திருமால் அங்கே இருக்கிறார். நண்பர் அவர் முன்னால் அரை மணி நேரம் நின்றார், "நகருங்க" என்று சொல்ல ஒருவரும் இல்லை.

காரைக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டரில் உள்ள திருமயத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே பாறையின் அடியில் சிவனுக்கு ஒன்றும் பெருமாளுக்கு ஒன்றுமாக இரண்டு குடைவரைகள் இருக்கின்றன. சிவன் பக்கம், லிங்கத்திலிருந்து வெளிப்படும் சிவனான லிங்கோத்பவர், பெரிய உருவில். பெருமாள் பக்கம் ஆதிசேடனின் நச்சுத்தீக்கு அஞ்சி ஓடும் மது, கைடபர் என்ற அசுரர்கள். இரு கோயிலாருக்கும் இருந்த வழக்கு 1245இல் ஹொய்சளத் தளபதி ஒருவர் முன்னிலையில் தீர்க்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. நடுவில் இன்றும் மதில்தான். ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, சுற்றிக்கொண்டுதான் மற்றதற்குப் போக வேண்டும். வெயிலேறுவதற்குள் போனால் கால் சுடாது.