முதலில் நாடித்துடிப்பு, அப்புறம்தான் முன்பணம்

கேள்வி: என் அண்ணன் மகளுக்கு 16 வயது, பிளஸ் ஒன் படிக்கிறாள். அண்ணனும் அண்ணியும் மஸ்கட்டில் இருப்பதால் 3 வருடமாக எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போன ஜூனில் மாதவிலக்கு சரியாக வரவில்லை என்று ஸ்கேன் எடுத்தோம். பிசிஓடி (சினைப்பை நீர்க்கட்டி), 5 கிலோ குறையுங்கள் என்றார்கள். 52 கிலோ இருந்தவள் 7 மாதத்தில் 37 கிலோவுக்கு வந்துவிட்டாள். உயரம் 157 செ.மீ. 4 மாதமாக மாதவிலக்கே இல்லை. கேட்டால் 'வயிறு நிறைஞ்சிடுச்சு, எரியுது' என்கிறாள். எண்டோஸ்கோப்பி, ரத்தப் பரிசோதனை எல்லாம் நார்மல். பசி டானிக்கும் கேட்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லோருக்கும் அவள்தான் சமைக்கிறாள், போனில் பார்ப்பதும் சமையல் வீடியோதான். தெரிந்தவர் மூலம் ஒருவர் பேசினார். மலைப்பக்கம் ஒரு மையம் இருக்கிறதாம். 90 நாள் தங்க வேண்டுமாம், முதல் 45 நாள் குடும்பத்தார் பார்க்கக் கூடாதாம். 60 ஆயிரம் முன்பணம் கட்டினால் வண்டி அனுப்புகிறேன் என்கிறார். அனுப்பலாமா, வீட்டிலேயே சரிசெய்யலாமா? நாளைக்குப் படிப்புக்கோ கல்யாணத்துக்கோ இது தடையாக வருமா?
(ஓர் அத்தை, நாமக்கல்)

பதில்: அனுப்பாதீர்கள் அம்மா. பணமும் கட்டாதீர்கள். அதற்காக இன்று ராத்திரியே நெய்யும் பாலுமாக ஊட்டவும் உட்கார்ந்துவிடாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். முதலில் ஒரு வேலை இருக்கிறது.

பிள்ளையை 5 நிமிடம் படுக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக உங்கள் இரண்டு விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து முழுதாக ஒரு நிமிடம் நாடித்துடிப்பை எண்ணுங்கள். கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிமீட்டர் பீரோவில் கிடக்கும். அதை நம்ப வேண்டாம். இப்படி இளைத்துப்போன பிள்ளைகளுக்கு விரல் ஐஸ் மாதிரி இருக்கும், கருவி வெறும் கோடு காட்டும். பகலில் விழித்திருக்கும்போது 50-க்குக் கீழே இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. எழுந்து நின்றதும் கண் இருட்டினாலும், மயங்கி விழுந்தாலும், தின்றதை வாந்தி எடுக்கிறாள் என்று தெரியவந்தாலும், செத்துப் போகிறேன் என்று பேசினாலும் எண்ணிக்கையைப் பார்க்காமல் கிளம்புங்கள். 'விளையாடுற பிள்ளைக்குத் துடிப்பு கம்மியாத்தான் இருக்கும்' என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். 15 கிலோ இழந்த பிள்ளையிடம் அந்தக் கணக்கு செல்லாது.

நேரில் பார்க்காமல் நான் முத்திரை குத்துவதில்லை. தைராய்டு, சர்க்கரை, காசநோய் இல்லை என்று உறுதி செய்தாக வேண்டும். ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் எனக்கு அனோரெக்சியா என்றுதான் படுகிறது. எடை ஏறிவிடுமோ என்ற பயத்தில் தன்னையே பட்டினி போட்டுக்கொள்ளும் மனநோய் அது. ஈட்டிங் டிஸ்ஆர்டர் என்கிறார்களே, அதில் மிக ஆபத்தான வகை. 'நான் குண்டு என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லையே' என்பீர்கள். நம் ஊரில் பல பிள்ளைகள் சொல்வதில்லை. வயிறு உப்புகிறது, எரிகிறது, இறங்கவில்லை என்றுதான் சொல்வார்கள். பொய்யும் அல்ல, பட்டினி கிடந்த இரைப்பை மெதுவாகத்தான் காலியாகும். நாமும் வயிற்று டாக்டரிடம் ஓடுவோம், அவரும் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு நார்மல் என்பார்.

எல்லோருக்கும் சமைத்துப் போட்டுவிட்டுத் தான் தின்னாமல் இருப்பதை நடிப்பு என்று திட்டியிருப்பீர்கள். 1944-45-ல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 36 இளைஞர்களை, அவர்கள் சம்மதத்தோடு, அரை வயிற்றில் போட்டுப் பார்த்தார்கள். கட்டுமஸ்தான ஆண்கள். எடையில் கால்வாசி இறங்கியபோது அவர்களும் சமையல் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டு, தட்டில் இருப்பதைத் துண்டு துண்டாக நறுக்கி மணிக்கணக்கில் தின்றுகொண்டு, எரிந்து விழுந்துகொண்டு இருந்தார்கள். பட்டினி கிடக்கும் மூளை அப்படித்தான். ஆகவே முதலில் வயிறு நிரம்பட்டும், மனசு பேசுவது அப்புறம். மூளைக்கே சோறு இல்லாத பிள்ளையை உட்காரவைத்து வாரம் ஒரு மணி நேரம் 'கவுன்சிலிங்' கொடுத்து என்ன ஆகப்போகிறது?

பசி டானிக்கை நிறுத்திவிடுங்கள். அதில் பெரும்பாலும் சைப்ரோஹெப்டாடின் இருக்கும், தூக்கம் வரும். அவளுக்குப் பசி இல்லாமல் இல்லை. பசியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். மாதவிலக்கு வரவைக்க ஹார்மோன் மாத்திரை எழுதிக் கொடுத்தாலும் ஏமாறாதீர்கள். மாத்திரையை நிறுத்தினால் ரத்தம் படும், அவ்வளவுதான். எலும்பு தேய்வது தேய்ந்துகொண்டே இருக்கும். எடை ஏறினால் மாதவிலக்கு தன்னால் வரும். அந்த பிசிஓடி விஷயம் வேறு. வயதுக்கு வந்து 8 வருடம் ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து அதை முடிவு செய்யக் கூடாது என்று சர்வதேச வழிகாட்டு நெறிமுறையே சொல்கிறது. யார் படிக்கிறார்கள்? ஸ்கேன், ஒரு டயட் சார்ட், '5 கிலோ குறைச்சுட்டு வா'. என்னிடம் வரும் பெண் பிள்ளைகளில் பாதிப் பேரின் கதை அந்த சார்ட்டில்தான் ஆரம்பிக்கிறது.

இனி, ஏன் உடனே ஊட்டக் கூடாது என்பது. இதை மட்டும் இரண்டு முறை படியுங்கள். சாப்பாடுதான் மருந்து என்று இந்தக் கடிதம் முழுக்கச் சொல்லப்போகிறேன், அதற்கு விலக்கு இந்த முதல் வாரம் ஒன்றுதான். இரண்டாம் உலகப் போர் முடிந்து, முகாம்களில் பட்டினி கிடந்தவர்களை மீட்டு வயிறாரச் சோறு போட்டபோது சிலர் சாப்பிட்ட பிறகு செத்தார்கள். நாள்கணக்கில் காய்ந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பரஸையும் பொட்டாசியத்தையும் செல்கள் இழுத்துக்கொள்ளும். இதயம் தடுமாறும். சேர்க்கிற அன்றைக்கு ரத்தம் நார்மலாக இருந்து, மூன்றாம் நாள் சரியலாம். அதனால் 'போன வாரம்தான் பார்த்தோம், நல்லா இருந்தது' என்ற ரிப்போர்ட் இதற்கு உதவாது. சாப்பாட்டைக் கூட்டக் கூட்டத் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். சாதாரண ரத்தப் பரிசோதனையில் பாஸ்பரஸ் பெரும்பாலும் இருக்காது, வாய்விட்டுக் கேட்க வேண்டும். பொட்டாசியம், மெக்னீசியம், சர்க்கரை, ஈசிஜி இவற்றோடு சேர்த்துக் கேளுங்கள். தயமின் என்ற பி1 வைட்டமினும் தொடக்கத்திலேயே கொடுப்பார்கள். உங்கள் பிள்ளை எடையில் கால்வாசிக்கு மேல் இழந்தவள். ஆகவே துடிப்பு 60 இருந்தாலும் ஆரம்பம் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான். அதுவரைக்கும்? இப்போது என்ன சாப்பிடுகிறாளோ அதைக் குறைய விடாதீர்கள், ஒரேயடியாகக் கூட்டவும் வேண்டாம். இதைச் சாக்காக வைத்து ஒரு மாதம் தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே சேர்த்தாக வேண்டும்.

சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது, உங்கள் ஊரிலும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. டாக்டரிடம் போய் 'சாப்பிட மாட்டேங்கிறா' என்று சொல்லாதீர்கள். அவர் ஒரு நாளைக்கு 40 தடவை கேட்கிற வாக்கியம் அது. '7 மாதத்தில் 15 கிலோ போய்விட்டது, மாதவிலக்கு நின்று 4 மாதம், துடிப்பு இத்தனை' என்று துண்டுச்சீட்டில் எழுதி நீட்டுங்கள். மனநலப் பிரிவில் 'துடிப்பு கம்மி, மெடிக்கல் வார்டுக்குப் போங்க' என்பார்கள். மெடிக்கல் வார்டில் 'ரத்தம் நார்மல், சைக்கியாட்ரி பாருங்க' என்பார்கள். என் 28 வருட அரசுப் பணியில் இந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த வராண்டா பெஞ்சில் எத்தனையோ அம்மாக்களைப் பார்த்துவிட்டேன். இந்த நோய்க்கென்று இரண்டு படுக்கை ஒதுக்குங்கள் என்று எழுதிக் கொடுத்த கடிதம் இன்னும் ஏதோ ஒரு கோப்பில் தூங்குகிறது. நீங்கள் நகராதீர்கள். 'இரண்டு பேரும் சேர்ந்து பாருங்கள், இல்லையென்றால் சேர்க்க முடியாது என்று எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். எழுதித் தா என்றால் படுக்கை கிடைத்துவிடும். அது என்ன மாயமோ.

அந்த வண்டிக்காரருக்கு வருவோம். போதை மறுவாழ்வு இல்லங்களுக்கு ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்கியவர்களில் சிலர் இப்போது இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். குடிகாரரைத் தூக்கிப்போன அதே வேன், போர்டில் மட்டும் 'வெல்னெஸ்' என்று மாற்றம். மனநோய்க்குத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் இடம் எதுவானாலும் 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 'ரெனியூவலுக்குப் போயிருக்கு' என்றால் போனை வைத்துவிடுங்கள்.

அதைவிடப் பெரிது, 45 நாள் பார்க்கக் கூடாது என்பது. 18 வயதுக்குக் கீழே உள்ளவரை மனநல மருத்துவமனையில் சேர்க்க வேண்டுமென்றால் பாதுகாவலர் விண்ணப்பிக்க வேண்டும். மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும். 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குத் தகவல் போக வேண்டும். பாதுகாவலரோ அவர் நியமிக்கும் ஒருவரோ இருக்கும் நாள் முழுக்கப் பிள்ளையோடு கூடவே தங்க வேண்டும். பெண் பிள்ளைக்குப் பாதுகாவலர் ஆணாக இருந்தால் துணைக்குப் பெண் ஒருவர் கட்டாயம். ஆக, அவர் போட்ட முதல் நிபந்தனையே சட்டத்துக்கு எதிரானது. பிள்ளையைத் தனியாகப் பூட்டிவைக்க 60 ஆயிரம் கேட்கிறார், நாம் எண்ணிக் கொடுக்கிறோம்! 'அம்மா அப்பாதான் பிரச்சினை, அவங்களைப் பார்க்காம இருந்தா சரியாயிடும்' என்று விளக்கமும் சொல்வார்கள். அந்தக் கருத்தை உலகம் கைவிட்டுவிட்டது. 1980-களில் லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனைக் குழு இதைத் தலைகீழாக்கியது. வீட்டாரே பொறுப்பெடுத்துச் சாப்பிடவைப்பதுதான் இன்று பதின்வயதினருக்கு முதலில் பரிந்துரைக்கப்படும் சிகிச்சை.

இன்ஸ்டாகிராம் டயட் கோச்சும் புரோட்டீன் பவுடர் விற்பவரும் இதே ரகம். இன்னொருவரும் வாசலுக்கு வருவார். 'யாரோ இடுமருந்து வச்சிருக்காங்க, எடுத்துடலாம்' என்பார், கஷாயம் கொடுத்து வாந்தி எடுக்கவைப்பார். பொட்டாசியம் இறங்கியிருக்கும் பிள்ளைக்கு அந்த வாந்தி ஒன்று போதும், இதயம் நிற்க. மாமியார் சொன்னாலும் கேட்காதீர்கள். கோயிலுக்குப் போய்வருவதை நான் தடுக்கவில்லை, விரதத்தை மட்டும் அவளுக்கு வேண்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று. நீங்கள் வளர்த்தாலும் சட்டப்படி கையெழுத்து உங்களுடையது ஆகாது. அண்ணனோ அண்ணியோ ஒருவர் டிக்கெட் போட்டு வரவேண்டும், அண்ணி வந்தால் நல்லது. கூடவே தங்கும் ஆளாக உங்களை அவர்கள் நியமிக்கலாம். துடிப்பு 50-க்குக் கீழே போனாலோ, முதலில் சொன்ன மற்ற ஆபத்து அறிகுறி ஏதாவது தெரிந்தாலோ விமானத்துக்குக் காத்திருக்காமல் நீங்களே கூட்டிப்போங்கள்.

வீடு திரும்பியதும் உங்கள் வேலை ஆரம்பம். சமையலறைக்குள் அவள் வரக் கூடாது, அளவு போடுவது நீங்கள். மூன்று வேளையும் இடையில் மூன்று தடவையும். இட்லிக்குப் பொடி என்றால் நல்லெண்ணெய் தாராளமாக; ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரிக்குக் குறையாது. இட்லியை உதிர்த்து உதிர்த்துத் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள், துப்பட்டாவுக்குள் போகும், நாய்க்குப் போகும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் பாத்ரூம் கிடையாது, குழாய்ச் சத்தம் வாந்தியை மறைக்கும். எடையை வாரம் ஒரு நாள், காலையில், சிறுநீர் கழித்த பிறகு பாருங்கள். அதற்கு முன் இரண்டு சொம்பு தண்ணீர் குடித்திருக்கிறாளா என்பதையும் பாருங்கள். வாரம் அரைக் கிலோ ஏறினால் போதும்.

லேத் பட்டறை வைத்திருந்த ஒரு அப்பா நினைவுக்கு வருகிறார். தினமும் மதியம் 12.30-க்குப் பட்டறையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு வருவார், கையில் கிரீஸ் கறை போயிருக்காது. மகள் முன்னால் உட்காருவார். முதல் நாள் இரண்டு தோசைக்கு ஒரு மணி 40 நிமிடம். தட்டு பறந்தது. கூட்டி அள்ளிவிட்டு இன்னொரு தட்டு கொண்டுவந்தார். 'எதுக்குடி இப்படி' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. 'இது உனக்கு மருந்து பாப்பா, நான் இருக்கேன்' என்பார், மற்றபடி பேப்பரில் வந்த கிரிக்கெட் ஸ்கோர்தான் பேச்சு. நாலாவது மாதம் அந்தப் பெண் அவரிடம் சட்னி கேட்டாள். அவர் என்னிடம் போனில் சொன்னது இவ்வளவுதான்: 'சார், சட்னி பத்தலேன்னுட்டா.'

ஒரு நாள் நீங்கள் தோற்பீர்கள். கத்திவிடுவீர்கள். மறுவேளை மறுபடியும் தட்டு வையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு யாரிடமாவது பேசவேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண் டெலி-மானஸ் 14416. இலவசம், தமிழில் பேசுவார்கள்.

காப்பீடு இருந்தால் 'மனநோய்க்குக் கிடையாது' என்ற பழைய பல்லவியைக் கேட்க நேரும். உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று அதே 2017 சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. மறுப்பை எழுத்தில் வாங்கிக்கொண்டு சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள்.

படிப்பும் கல்யாணமும் கேட்டீர்கள். மனநல சிகிச்சை விவரம் ரகசியம் என்பது சட்டம், மருத்துவமனை அதை எந்தக் கல்லூரிக்கும் அனுப்பாது. கல்யாணத்தைப் பற்றி 16 வயதுப் பிள்ளைக்கு இப்போது பேசாதீர்கள், அவள் காதில் விழவும் வேண்டாம். பள்ளிக்கு விடுப்புச் சான்று தேவைப்பட்டால் 'கடும் ஊட்டச்சத்துக் குறைவுக்குச் சிகிச்சை' என்று எழுதித் தரக் கேளுங்கள். பொய்யும் இல்லை. பி.டி. பீரியடுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் அதே தாளில் எழுதச் சொல்லி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் நாளே மைதானத்தைப் பத்துச் சுற்று ஓடிவிட்டு வருவாள்.