80 வாட் மோட், 8 வெள்ளி பேட்டரி

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் வேப் (மின்சிகரெட்) கடைகள் முளைத்த பிறகு, எனக்கு வரும் கடிதங்களில் அரிசிக் குக்கரும் மிக்சியும் குறைந்துவிட்டன. இந்த முறை எல்லாமே வேப்தான். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன். கடைக்காரர்களைத் திட்டிய வரிகளை எடுத்துவிட்டேன், சிலவற்றை மனமில்லாமல்.

கேள்வி: அக்கா, நான் செம்பனைக் குலை வெட்டுகிறேன், வயது 36. ஒரு நாளைக்கு ஒரு பெட்டி சிகரெட் போகிறது. அதை விட்டுவிட்டு வேப்புக்கு மாறலாம் என்று எண்ணம். வாட் கூட்டிக் குறைக்கும் வசதியோடு, உழைக்கிற மாதிரி ஒன்று 150 வெள்ளிக்குள் கிடைக்குமா? 200 வாட்டுக்குக் குறைந்து வாங்காதே என்கிறான் கூட்டாளி.

பதில்: கூட்டாளி பேச்சைக் கேட்காதீர்கள் தம்பி. 200 வாட் என்பது அறை முழுக்கப் புகை விடுகிறவர்களின் கணக்கு. சிகரெட் பிடித்தவர் புகையை முதலில் வாயில் இழுத்து, அப்புறம்தான் நெஞ்சுக்குள் விடுவார். அந்த இழுப்புக்கு 0.8 அல்லது 1 ஓம் காயில், 12 முதல் 18 வாட் போதும். காயில் என்பது திரவத்தைச் சூடாக்கும் கம்பிச்சுருள், ஓம் அதன் மின்தடை. வாட் மாற்றுகிற மெஷினை மோட் என்பார்கள், திரவக் குடுவையைச் செருகுகிற சின்ன வகை போட் மோட். 40 வாட் வரை போகும் ஒரு போட் மோட் வாங்கினால், பாதி பலம் எப்போதும் மிச்சம் இருக்கும். மெஷினும் சூடேறாது.

கடையில் மெஷின் விலையைக் கடைசியில் கேளுங்கள். முதலில் கேட்கவேண்டியது காயில் விலை. மெஷின் ஒரு தடவைச் செலவு, காயில் மாதாமாதச் செலவு. அந்தக் காயில் ஊரில் குறைந்தது இரண்டு கடைகளிலாவது இருக்கவேண்டும். ஒரே கடையில்தான் கிடைக்கும் என்றால், அந்தக் கடை மூடிய அன்று உங்கள் மெஷின் வெறும் காகிதக்கல். சில மாநிலங்கள் விற்பனையையே நிறுத்திவிட்ட காலம் இது, கடை மூடுவது நடக்காத கதை இல்லை.

பேட்டரி உள்ளேயே அடைத்ததா, கழற்றி மாற்றுவதா என்பது அடுத்தது. உள்ளே அடைத்தது சுலபம், கைபேசி மாதிரி வயரைச் செருகினால் போதும். ஆனால் பேட்டரி ஓய்ந்தால் மெஷினும் ஓய்ந்தது. கழற்றுவது நீண்ட நாள் வரும், ஆனால் பேட்டரியைப் பார்த்துக்கொள்ளத் தெரியவேண்டும். உங்களுக்கு முதலாவதே நல்லது.

தோட்டத்தில் மழை, வியர்வை, சேறு. ஐபி67 என்று போட்ட மெஷின் தூசி புகாமல் இருக்கும், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். மோட்டாரிலிருந்து விழுந்தால் தாங்கும் என்று அதற்கு அர்த்தமில்லை, அதற்கு ரப்பர் உறை பார்த்து வாங்குங்கள். சட்டைப்பையில் தானாக அழுத்தப்படாமல் இருக்கப் பொத்தானைப் பூட்டும் வசதி வேண்டும். பெட்டியைத் திருப்பி சிரிம் தரச்சான்று ஒட்டி (ஸ்டிக்கர்) இருக்கிறதா என்று பாருங்கள். 2022 ஆகஸ்டிலிருந்து வேப் சாதனங்களுக்கு அந்தச் சான்று கட்டாயம். ஒட்டி இல்லாத மெஷின் எத்தனை அழகாக இருந்தாலும் தொடவேண்டாம்.

150 வெள்ளியையும் மெஷினில் போடாதீர்கள். 100 மெஷினுக்கு, மிச்சம் காயிலுக்கும் திரவத்துக்கும். திரவத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. நிக்கோட்டின் திரவத்துக்கு 2023 ஏப்ரலில் ஒரு மில்லிக்கு 40 காசு வரி போட்டார்கள். 10 மில்லி பாட்டிலில் வரியே 4 வெள்ளி. ஒருவர் பாட்டிலையே 4 வெள்ளிக்குத் தருகிறார் என்றால், வரி கட்டவில்லை, உள்ளே என்ன ஊற்றினார் என்பதும் நமக்குத் தெரியாது. லேபிள் இல்லாத திரவத்தில் போதைப்பொருள் கலந்து பிடிபடுவதைச் செய்தியில் பார்த்திருப்பீர்கள்.

வேப் நல்லது என்று நான் சொல்லவில்லை. அதிலும் நிக்கோட்டின்தான். அரசாங்கக் கிளினிக்கில் புகைப்பதை நிறுத்த உதவுகிறார்கள், அங்கேயும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: மெஷின் வாங்கி இரண்டு வாரம்தான் ஆகிறது. 0.6 ஓம் காயில், 45 வாட்டில் வைத்து இழுக்கிறேன். நாலாவது காயிலும் கருகிவிட்டது. கடைக்காரன் போலி காயிலைத் தலையில் கட்டிவிட்டான். எங்கே புகார் செய்வது?

பதில்: காயிலைக் கையில் எடுத்து, அதன் உடம்பில் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று படியுங்கள். இத்தனை வாட்டிலிருந்து இத்தனை வாட் வரை என்று இருக்கும். 0.6 ஓம் போட் காயில் பெரும்பாலும் 30 வாட்டைத் தாண்டாது. புதுக் காயில் போட்டுத் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் ஊறவிட்டீர்களா என்றும் கேட்கவேண்டும், ஆனால் பதில் எனக்குத் தெரியும். புகாரை உங்கள் கட்டை விரல் மேல்தான் கொடுக்கவேண்டும்.

கேள்வி: நான் பால் வெட்டுகிறவன் அம்மா. என் நெற்றி விளக்குப் பேட்டரியும் என் பையன் வேப்பில் போடும் பேட்டரியும் ஒரே அளவு. என்னுடையது 8 வெள்ளி, மேலே 9900 என்று போட்டிருக்கிறது. அவன் 35 வெள்ளி கொடுத்து 2500 என்று போட்டதை வாங்கி வந்திருக்கிறான். வேலை பார்க்கிற பிள்ளை, இப்படி ஏமாறுகிறானே! என்னுடையதையே அவனுக்கும் வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: ஐயா, உங்கள் பையன் ஏமாறவில்லை. உங்களைத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தப் பேட்டரியை வேப்பில் போடவே கூடாது.

இது எனக்குப் பழைய ஆத்திரம், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். இரண்டுமே 18650 என்கிற வகை. 18 மில்லிமீட்டர் தடிமன், 65 மில்லிமீட்டர் நீளம், பெயரே அதுதான். அந்த அளவு உருளைக்குள் எவ்வளவு மின்சாரம் அடைக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. ஜப்பான், கொரியா, தைவானில் பேர்போன தொழிற்சாலைகள் செய்கிற செல்லே 3500 மில்லி ஆம்பியர் மணியைச் சுற்றித்தான் நிற்கிறது. பாசார் மாலாமில் மட்டும் 9900 எங்கிருந்து வந்தது? மேலே சுற்றுகிற பிளாஸ்டிக் தாளில் என்ன வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அவ்வளவுதான். பழைய லேப்டாப்பிலிருந்து உருவிய செல்லுக்குப் புதுத் தாள் சுற்றி விற்பதும் உண்டு.

அதைவிட முக்கியமான எண்ணைத் தாளில் போடவே மாட்டார்கள். அது ஆம்பியர், அதாவது ஒரே சமயத்தில் எவ்வளவு வேகமாக மின்சாரத்தைக் கொடுக்க முடியும் என்பது. உங்கள் நெற்றி விளக்கு ஒன்றிரண்டு ஆம்பியர் கேட்கும், அதனால்தான் அந்தச் செல் இதுவரை தாக்குப்பிடித்தது. ஒற்றைப் பேட்டரி மோடில் 80 வாட் வைத்து இழுத்தால், பேட்டரி இறங்குகிற நேரத்தில் 25 ஆம்பியர் கேட்கும். கொடுக்க முடியாத செல் சூடேறும், புகையும், வெடித்தும் இருக்கிறது. பையன் வாங்கிய 2500 நல்ல செல் என்றால் 20 ஆம்பியர் தரும். அவனுக்கும் ஒன்று சொல்லுங்கள்: 20 ஆம்பியர் செல்லுக்கு 60 வாட்டோடு நிறுத்திக்கொள்ளவேண்டும், பெட்டியில் 80 போட்டிருந்தாலும் சரி. இரண்டு பேட்டரி மோட் என்றால் 120. அந்த 200 வாட் பெட்டிகளுக்கு ஒவ்வொரு செல்லும் 30 ஆம்பியருக்கு மேல் தரவேண்டும், 20 ஆம்பியர் செல்லை வைத்துக்கொண்டு அது நடக்காது.

வேப்புக்கு முன்னால் ரேடியோவில் இதே வேலையைச் செய்தார்கள். ஈப்போ கல்லுமலைத் தைப்பூசக் கடையில் '3000 வாட் பிஎம்பிஓ' (ஒரு நொடிகூட நிற்காத உச்ச வாட்டை ஊதிக்காட்டும் கணக்கு) என்று பார்த்து நானும் ஒரு ரேடியோ வாங்கினேன். பக்கத்து லயத்துக்குக்கூடக் கேட்கவில்லை. அப்புறம் 50000 என்று போட்ட பவர்பேங்க், என் கைபேசியை ஒரு முறை முழுதாக ஏற்றியதில்லை. அவை காசோடு போயின. இந்தப் பேட்டரி முகத்துக்கு நேரே வைத்து இழுக்கிற பொருள். அரிசி மூட்டையில் ஒரு கிலோ குறைந்தால் தராசைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள், பேட்டரியில் மூன்று மடங்கு பொய் அச்சடித்தால் கேட்பாரில்லை.

விளக்குக்கு அதே 8 வெள்ளிப் பேட்டரியை ஓட்டுங்கள், ஆனால் ராத்திரி முழுக்கச் சார்ஜில் போட்டுத் தூங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு 17 வயது. 50 வெள்ளிக்குள் வாட் மாற்றுகிற வேப் எது நல்லது?

பதில்: எதுவும் இல்லை. 2024 அக்டோபரிலிருந்து உனக்கு விற்பவர் குற்றவாளி, நான் உடந்தையாக முடியாது.

கேள்வி: பள்ளிச் சிற்றுண்டிச் சாலையில் வேலை செய்கிறேன் அக்கா. வீட்டுக்காரர் சிகரெட்டை விடட்டும் என்று கூட்டுப் பணத்தில் 180 வெள்ளிக்கு மோட் வாங்கிக் கொடுத்தேன். பெட்டியில், அசல்தானா என்று பார்க்கச் சுரண்டும் எண் ஏற்கெனவே சுரண்டியிருந்தது, திருகாணியெல்லாம் கீறல். ஐந்தாம் நாள் பக்கவாட்டில் வீங்கிவிட்டது. எடுத்துப்போனால், மூன்று நாள்தான் வாரண்டி என்று சுவரில் இருந்த பலகையைக் காட்டினார்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்றும் எழுதியிருக்கிறது. பணம் போனது போனதுதானா?

பதில்: போகவில்லை அம்மா, போகவும் கூடாது. முதலில் அந்த மெஷினைச் சார்ஜில் போடாதீர்கள். வீங்கியது உள்ளே இருக்கும் பேட்டரி. வீட்டுக்கு வெளியே சிமெண்டுத் தரையில், வெயில் படாமல் வையுங்கள். நாலு பக்கமும் படம் எடுங்கள், சுரண்டிய எண்ணையும் பெட்டியையும் சேர்த்து. முடிந்தால் அந்தப் பலகையையும்.

பலகை சட்டமாகாது. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கிற பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருக்கவேண்டும். அந்த உத்தரவாதத்தைக் கடைக்காரர் பலகை எழுதி நீக்க முடியாது. மூன்று நாளென்ன, முப்பது நாளென்று எழுதினாலும் ஐந்தாம் நாள் வீங்குகிற பொருள் தரமான பொருள் இல்லை. பிரித்துப் பார்த்த பொருளைப் புதிது என்று விற்றது தனிக் குற்றச்சாட்டு.

கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுங்கள்: இந்தத் தேதிக்குள் பணத்தைத் திருப்பித் தாருங்கள் என்று. நகல் உங்களிடம் இருக்கட்டும். மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயம். கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். பாரம் 1 நிரப்பவேண்டும், இணையத்திலேயே போடலாம். தமிழ்ப்பள்ளி ஆசிரியர் யாராவது மலாயில் எழுதித் தருவார்கள், கேட்க வெட்கப்படாதீர்கள். தீர்ப்பு வந்து 14 நாளுக்குள் கடை பணம் தராவிட்டால் அது குற்றம். பெரும்பாலான கடைகள் பாரத்தின் நகலைப் பார்த்ததுமே பணத்தை எண்ணிவிடும்.

ரசீது இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லாவிட்டாலும், வங்கிக் கணக்கிலிருந்து கட்டியிருந்தால் அந்தப் பதிவு போதும். எழுதும்போது சிக்கல் வந்தால் மறுபடி எனக்குப் போடுங்கள், சேர்ந்தே நிரப்பலாம்.

கேள்வி: மாற்றுப் பேட்டரியைக் கால்சட்டைப் பையில் வைத்திருந்தேன். மோட்டார் சாவியும் சில்லறையும் கூடவே. திடீரென்று சூடாகித் தொடையைச் சுட்டுவிட்டது. பேட்டரி கம்பெனி மேல் வழக்குப் போடலாமா?

பதில்: உங்கள் சாவி மேல் போடுங்கள். பேட்டரியின் இரு முனைக்கும் குறுக்கே உலோகம் பட்டால் எந்தக் கம்பெனிச் செல்லும் அப்படித்தான் செய்யும். இரண்டு மூன்று வெள்ளிக்குப் பிளாஸ்டிக் டப்பா விற்கிறது. மேல் தாள் கிழிந்த பேட்டரியை இனிப் போடவேண்டாம். புண்ணுக்கு மருந்து போட்டீர்களா?

கேள்வி: வாட்சாப்பில் ஒருவர் 250 வெள்ளி மோட் 90 வெள்ளி என்றார். பணம் போட்டேன். வந்த பெட்டியில் ஒரு பழைய சார்ஜர். இப்போது அந்த எண் வேலை செய்யவில்லை.

பதில்: வேப்பை இணையத்தில் விற்பதற்கே 2024 புகைப்பொருள் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் தடை. தடை செய்த வழியில், பெயர் தெரியாதவரிடம், பாதிக்கும் குறைந்த விலைக்கு. மூன்றில் ஒன்றாவது உங்களை நிறுத்தியிருக்கவேண்டும். போலீஸில் புகார் கொடுங்கள், பணம் போன கணக்கு எண்ணையும் கொடுங்கள். அடுத்தவராவது தப்பிப்பார்.

கேள்வி: தீபாவளிக்கு ஜொகூர் கூலாயில் இருக்கும் மைத்துனருக்கு ஒரு நல்ல வாட் மோட் வாங்கிப் போகலாம் என்றிருக்கிறேன். எது வாங்கலாம்?

பதில்: ஜொகூரில் 2016லிருந்தே வேப் விற்பனைக்குத் தடை. காயில் தீர்ந்தால் மனிதர் எங்கே போவார்? நல்ல வேட்டியாக எடுத்துக் கொடுங்கள்.