பேகன் பெற்றோர் சின்னப் பிள்ளைகளுக்குத் தங்கள் வழிபாட்டை எப்படிப் பழக்குகிறார்கள்?

பேகன் வழிபாடு என்பது இயற்கையையும் பழைய தெய்வங்களையும் வணங்கும் பல மேற்கத்திய வழிகளுக்கான பொதுப் பெயர். எல்லாருக்கும் பொதுவான வேதப்புத்தகம் கிடையாது. அதனால் பிள்ளைகள் மனப்பாடம் செய்யப் பெரிதாக எதுவும் இல்லை. கூட நின்று பார்த்துப் பழகுவதுதான் படிப்பு.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கோவில் கொடைக்குப் போகும் பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பா மடியில் உட்கார்ந்து வில்லுப்பாட்டு கேட்டு, பாதியில் தூங்கிப்போனாலும், இசக்கியம்மன் கதை தானாக மனதில் ஏறிவிடும். யாரும் பாடம் எடுப்பதில்லை. அங்கேயும் அப்படித்தான்.

அவர்கள் பண்டிகைகள் பருவத்தை ஒட்டியவை. பலர் ஆண்டுக்கு 8 கொண்டாடுகிறார்கள். டிசம்பர் 21 வாக்கில் லண்டனில் இரவு சுமார் 16 மணி நேரம். நாகர்கோவிலில் 12½ மணி நேரம்கூட வராது. அந்த நீண்ட இருட்டில் மெழுகுவர்த்தி ஏற்றி, 'இனி பகல் நீளும்' என்று சொன்னால் நாலு வயசுப் பிள்ளைக்கும் புரியும். இலை பொறுக்குவது, விதை ஊன்றுவதும் வழிபாட்டில் சேர்த்தி. தீட்சை மட்டும் வேறு: பேகன் வழிபாட்டின் ஒரு பிரிவான விக்காவில் பல குழுக்கள் 18 வயது ஆகாமல் தருவதில்லை. நல்ல ஏற்பாடுதான்.

அப்புறம், சாத்தானை வணங்கப் பழக்குகிறார்களோ என்று சிலர் பயப்படுவதுண்டு. சாத்தான் கிறிஸ்தவ மரபில் வருபவன், பேகன்கள் வணங்கும் பழைய தெய்வங்களில் அவன் இல்லை.