கார்டு கையில் இருக்கு, போன் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளிலிருந்து காலிங் கார்டு பற்றி வந்த கேள்விகளை இந்த இதழுக்கு ஒன்றாக எடுத்துக்கொண்டோம்.

எம்.எஸ். படிக்க மகள் டெக்சாஸ் போகிறாள். “இறங்கினதும் ஒரு காலிங் கார்டு வாங்கி பர்ஸில் போட்டு வைக்கச் சொல்லுங்க, அவசரத்துக்கு ஆகும்” என்கிறார் பக்கத்து வீட்டு அண்ணா. வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?
– வாசகி, தஞ்சாவூர்

அண்ணா சொன்னது சரி, பாதியோடு நிறுத்திவிட்டார். காலிங் கார்டு என்றால் பேசுவதற்கு முன்பணம் கட்டி வைத்திருக்கிறோம் என்று அர்த்தம், அவ்வளவுதான். பேச ஒரு போன் வேண்டும், அந்த போனில் லைன் இருக்க வேண்டும். மகளின் மொபைலில் டவரே இல்லையென்றால், அதே மொபைலை வைத்துக்கொண்டு கார்டால் ஒன்றும் செய்ய முடியாது.

கார்டு கைகொடுப்பது வேறு சமயத்தில். தன் போன் தொலைந்துவிட்டது, சார்ஜ் செத்துவிட்டது, அல்லது தன் கம்பெனி நெட்வொர்க் மட்டும் விழுந்துவிட்டது. ஆனால் எதிரே ஒரு ஹோட்டல் ரிசப்ஷன் போனோ, கல்லூரி அலுவலக லேண்ட்லைனோ, பக்கத்தில் நிற்பவரின் மொபைலோ இருக்கிறது. 2024 பிப்ரவரி 22 அன்று ஏடி அண்ட் டி மொபைல் சேவை அமெரிக்கா முழுக்கப் பன்னிரண்டு மணி நேரத்துக்கும் மேல் நின்றுபோனது. 9 கோடிக்கும் அதிகமான அழைப்புகள் போகவில்லை என்று அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் பிறகு கணக்கிட்டது. மற்ற கம்பெனிகளின் சிம் வைத்திருந்தவர்கள் வழக்கம்போல் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். அப்படிப்பட்டவரிடம் போய், “இந்தியாவுக்கு ஒரு கால் பண்ணிக்கட்டுமா?” என்று கேட்டால் தயங்குவார். அவர் திட்டத்தில் வெளிநாட்டு அழைப்பே இல்லாமலும் இருக்கலாம். கார்டில் பேச முதலில் அடிப்பது டோல் ஃப்ரீ, அதாவது அடிப்பவருக்குக் கட்டணமில்லாத எண்ணுக்குத்தான். “ஒரு டோல் ஃப்ரீ நம்பருக்குப் பேசணும்” என்று கேட்டால் கொடுத்துவிடுவார். வெளிநாட்டுக் கட்டணம் அவர் தலையில் விழாது, கார்டிலிருந்து போகும்.

5 டாலர் கார்டு போதும். 20 டாலருக்கு வாங்கி வைப்பது வீண். ஏன் என்று மூன்றாவது கேள்வியில் சொல்கிறோம். போலீஸ், ஆம்புலன்ஸுக்கு 911 அடிக்க கார்டே வேண்டாம். சிம் இல்லாத மொபைலிலிருந்தும், காசு போடாத பே போனிலிருந்தும் 911 போகும்.

நியூ ஜெர்சியில் இருக்கும் தம்பியைப் பார்க்கப் போகிறோம். கார்டில் எப்படி டயல் செய்வது? எங்கே தப்பு வரும்?
– வாசகர், நாகர்கோவில்

கார்டில் இரண்டு எண்கள் முக்கியம். ஆக்சஸ் நம்பர் வெளியே அச்சிட்டிருக்கும். 800, 888, 877, 866 என்று தொடங்கினால் டோல் ஃப்ரீ. பின் (PIN) நம்பர், அதாவது கார்டின் ரகசிய எண், வெள்ளிப் பூச்சுக்கு அடியில் இருக்கும்.

முதலில் 1, அதைத் தொடர்ந்து ஆக்சஸ் நம்பர். பதிவுக் குரல் வந்ததும் பின் நம்பரை அடிக்க வேண்டும். பாக்கி எவ்வளவு என்று குரல் சொல்லும். அதன்பின் 011, பிறகு 91, பிறகு ஊரில் இருப்பவரின் 10 இலக்க மொபைல் எண். சென்னை லேண்ட்லைன் என்றால் 011, 91, 44, அடுத்து எட்டு இலக்க எண். கார்டில் ஹாஷ் போடச் சொல்லியிருந்தால் கடைசியில் ஹாஷ். அமெரிக்காவுக்குள்ளேயே பேச 1, ஏரியா கோடு, எண்.

நம் ஆட்கள் அதிகம் தடுமாறுவது 91-க்குப் பிறகு ஒரு சைபர் சேர்ப்பதில். ஊரில் 044 என்று அடித்தே பழகிய விரல், அங்கேயும் சைபரை அடித்துவிடும், கால் போகாது.

அடுத்த தொல்லை, எண்களைச் சரியாக அடித்தும் கால் போகாமல் இருப்பது, அல்லது “தவறான எண்” என்று குரல் சொல்வது. காரணம் பல. ஹோட்டல், அலுவலக போன் என்றால் வெளி லைனுக்கு முதலில் 9 அல்லது 8 அடிக்க வேண்டியிருக்கும். பழைய வீட்டு போனின் பக்கவாட்டில் டோன், பல்ஸ் என்று ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். அது பல்ஸில் இருந்தால் ‘டக் டக்’ என்ற சத்தம்தான் போகும், எதிர்முனைக் கருவிக்கு எண் புரியாது. சுவிட்சை டோனுக்குத் தள்ளுங்கள். சில போன்களில் ஸ்டார் அழுத்தினாலே மாறிவிடும். இரண்டும் சரியாக இருந்தால், கார்டையே கடைக்காரர் பில் போடும்போது ஆக்டிவேட் செய்யவில்லை என்று பொருள். அலமாரியில் தொங்கும் கார்டில் பணம் கிடையாது, கவுண்டரில் ஸ்கேன் செய்த பிறகுதான் உயிர் வரும். ரசீதை வீசிவிடாதீர்கள்.

சில கார்டுகளில் டோல் ஃப்ரீ எண்ணோடு லோக்கல் ஆக்சஸ் நம்பரும் இருக்கும். அதில் நிமிடக் கணக்கு மலிவு. ஆனால் பே போனில் அதற்குக் காசு போட வேண்டும், வேறு ஊரிலிருந்து அடித்தால் எஸ்.டி.டி. கணக்கில் போகலாம். அவசரத்துக்கு என்றே வைத்திருக்கும் கார்டில் டோல் ஃப்ரீ எண்ணை மட்டும் நம்புங்கள். அந்த எண் இந்தியாவிலிருந்து பொதுவாக வேலை செய்யாது என்பதால், மிச்சமிருக்கும் கார்டை ஊருக்குக் கொண்டுவந்து பயனில்லை.

பேசி முடித்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஹோட்டல் போனின் ரீடயல் பொத்தானில் உங்கள் பின் நம்பர் தங்கியிருக்கலாம். ரிசீவரை எடுத்து ஏதாவது நாலு எண் அடித்துவிட்டு வையுங்கள்.

5 டாலர் கார்டில் ஒரே ஒரு முறை, நாலு நிமிஷம்தான் பேசினேன். 250 நிமிஷம் என்று போட்டிருந்தது. ஒன்றரை மாதம் கழித்து எடுத்தால் பாக்கி இல்லை என்கிறது. ஏமாற்றா?
– வாசகர், திருச்சி (மகன் வீட்டில் தங்கியிருந்தவர்)

பெரும்பாலும் எல்லாமே கார்டின் பின்னால் எறும்பு எழுத்தில் எழுதியிருக்கும். கணக்கு எப்படி ஓடுகிறது என்று ஒரு மாதிரிக் கார்டை வைத்துப் பார்ப்போம். நிமிடத்துக்கு 2 சென்ட். இணைப்புக் கட்டணம் 49 சென்ட். பே போனிலிருந்து பேசினால் 99 சென்ட். மூன்று மூன்று நிமிடமாகக் கணக்கு. முதல் காலுக்குப் பிறகு வாரம் 79 சென்ட் ‘பராமரிப்பு’.

பே போனில் நாலு நிமிடம் பேசினால் அது ஆறு நிமிடமாகிறது, 12 சென்ட். அதோடு 49, அதோடு 99. ஆக 1 டாலர் 60 சென்ட் போய், மிச்சம் 3.40. பிறகு நீங்கள் போனையே தொடாவிட்டாலும் நாலு வாரத்தில் 3.16 கழிந்துவிடும். கையில் 24 சென்ட். ஐந்தாவது வாரம் அதுவும் இல்லை.

பே போன் கட்டணத்துக்கு மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. டோல் ஃப்ரீ எண்ணுக்குக் காசு போடாமல் பேசுவதால், பே போன் வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு காலுக்கும் கார்டு கம்பெனி 49.4 சென்ட் தர வேண்டும் என்று 2004-லேயே அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் விதித்தது. அதற்கு மேல் பிடிப்பது கம்பெனியின் லாபம். வாராவாரப் பராமரிப்பு வெறும் கொள்ளை, அதற்கு நாம் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

அவசரக் கார்டுக்கு நிமிட விலையைப் பார்க்கவே வேண்டாம். பராமரிப்புக் கட்டணம் இல்லாதது, முதல் காலிலிருந்து ஆறு மாதமாவது உயிரோடு இருப்பது – இந்த இரண்டைப் பார்த்து வாங்குங்கள். நிமிடத்துக்கு 10 சென்ட் ஆனாலும் பரவாயில்லை, பத்து நிமிடம் பேசினால் ஒரு டாலர்தானே? வாங்கிய அன்றே ஒரு நிமிடம் பேசிச் சோதித்துவிடுங்கள். அந்தக் காலிலிருந்துதான் காலாவதிக் கணக்கு ஓட ஆரம்பிக்கும் என்றாலும், ஓடாத கார்டைச் சுமப்பதைவிட அது மேல். காலாவதித் தேதியைக் கார்டின் மேலேயே எழுதி வையுங்கள்.

கனடாவில் 2022 ஜூலையில் நெட்வொர்க் விழுந்ததே, அப்படி ஒரு நாளில் காலிங் கார்டு உதவியிருக்குமா?
– வாசகர், ஸ்கார்பரோ

முன்பே வாங்கி வைத்திருந்தால் உதவியிருக்கும். ஜூலை 8 அன்று விடியற்காலையில் ரோஜர்ஸ் என்ற தொலைத்தொடர்புக் கம்பெனி தன் மைய நெட்வொர்க்கில் செய்த ஒரு மாற்றத்தால் மொபைல், வீட்டு போன், இன்டர்நெட் மூன்றும் சேர்ந்தே படுத்தன, ஏனென்றால் மூன்றும் ஒரே மையத்தின் மேல் ஓடின. கனடாவின் டெபிட் கார்டு சேவையான இன்டராக்கும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் கடைகளில் அட்டை தேய்க்க முடியவில்லை. கடையில் கார்டு தொங்கினாலும் ரொக்கம் இல்லாதவரால் அன்று வாங்க முடியாது. பர்ஸில் ஒரு 20 டாலர் நோட்டு எப்போதும் இருக்கட்டும். வீட்டு இன்டர்நெட் ஒரு கம்பெனி என்றால் மொபைல் இன்னொரு கம்பெனியாக இருக்கட்டும்; மாதம் பத்து டாலர் மிச்சம் என்று எல்லாவற்றையும் ஒரே இடத்தில் கட்டிப்போடுவதன் விலை அந்த மாதிரி நாளில்தான் தெரியும்.

அன்று இன்னொரு சிக்கலும் வந்தது. டவர் சிக்னல் இருந்தது, உள்ளே மையம் செத்திருந்தது. அதனால் போன்கள் அந்த டவரையே பிடித்துக்கொண்டு 911-க்குக்கூடப் போகாமல் நின்றன. சிம்மைக் கழற்றிவிட்டு அடித்தால் போன் வேறு கம்பெனி டவரைப் பிடிக்கும். இ-சிம் என்றால் செட்டிங்கில் அந்த லைனை ஆஃப் செய்ய வேண்டும்.

டோக்கியோவில் மகன் வேலை பார்க்கிறான். அங்கே போன் கார்டு என்று மெல்லிய பிளாஸ்டிக் அட்டை விற்கிறார்களாமே, நிலநடுக்கத்துக்கு அது உதவுமா?
– வாசகி, கோயம்புத்தூர்

அது வேறு சாதி. அமெரிக்கக் கார்டில் எண்ணை அடிக்கிறோம். ஜப்பானிய டெலிபோன் கார்டை, அந்நாட்டு டெலிபோன் கம்பெனியான என்.டி.டி.யின் பச்சை நிறப் பொது போனுக்குள்ளேயே செருக வேண்டும். 500 யென்னுக்கு 50 யூனிட், 1000 யென்னுக்கு 105 யூனிட்.

பெரிய நிலநடுக்கத்தில் மொபைல் போகாததற்குக் காரணம் டவர் விழுவது மட்டுமல்ல. எல்லோரும் ஒரே நேரத்தில் அடிப்பதால் கம்பெனியே கால்களைத் தடுக்கிறது. 2011 மார்ச் 11 அன்று சில கம்பெனிகள் பத்தில் ஒன்பது குரல் அழைப்புகளை உள்ளேயே விடவில்லை. பொது போனுக்கு அந்தத் தடை கிடையாது, அதற்கு முன்னுரிமை லைன். அன்று பச்சை போன்களின் முன் நீண்ட வரிசை நின்றதற்கு அதுவே காரணம்.

ஆனால் கரண்ட் போனால் அந்தப் போனில் கார்டு வேலை செய்யாது. கார்டைப் படிக்கும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். பேசுவதற்கு வேண்டிய மின்சாரம் மட்டும் டெலிபோன் லைனிலேயே வரும். காசு போட்டால் பேசலாம். ஆகவே கார்டோடு பத்து 10 யென் நாணயங்களும் பையில் இருக்க வேண்டும். 100 யென் போட்டால் மீதி வராது.

1995-இல் கோபே நிலநடுக்கத்தில் நாணயப் பெட்டிகள் நிரம்பிப்போய்ப் போன்கள் நின்றுவிட்டன. இப்போதெல்லாம் பெரும் பேரிடரில் பொது போன்களை இலவசமாகத் திறந்துவிடுகிறார்கள். பழைய அனலாக் பச்சை போனில் 10 யென்னோ கார்டோ போட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், பேசி முடித்ததும் திரும்பி வந்துவிடும். டிஜிட்டல் போனில் ரிசீவரை எடுத்து நேரே அடிக்கலாம். இந்த இலவச நேரத்தில் வெளிநாட்டுக்குப் போகாது. அதனால் கோயம்புத்தூருக்கு நேரே அடிக்க முயலாமல், ஒசாகா மாதிரித் தள்ளியிருக்கும் ஊரில் ஒரு நண்பரை ஏற்பாடு செய்து, அவர் வழியாக உங்களுக்குச் சேதி வரும்படி இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

அதோடு 171-ஐயும் மகன் பழகிக்கொள்ளட்டும். பேரிடர்க் குரல் பெட்டி அது. 171 அடித்து, சேதி பதிய 1, கேட்க 2, பிறகு அடையாளமாக ஒரு ஜப்பான் போன் எண். 30 விநாடி பேசலாம். மாதம் 1-ஆம் தேதியும் 15-ஆம் தேதியும் சோதனைக்குத் திறந்திருக்கும். குரல் ஜப்பானிய மொழியில் வரும் என்பதால் முதல் முறை கலவரத்தில் அடித்தால் ஒன்றும் புரியாது. இரண்டு முறை ஒத்திகை பார்த்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

நம் ஊரில் புயலுக்கு இப்படி ஏதாவது கார்டு உண்டா?
– வாசகர், கடலூர்

பி.எஸ்.என்.எல்.லின் ஐ.டி.சி. என்ற காலிங் கார்டு ஒரு காலத்தில் இருந்தது. மஞ்சள் பி.சி.ஓ. போர்டுகள் போனபின் அதற்கு வேலையில்லை. இங்கே கார்டின் இடத்தில் இன்னொரு கம்பெனி பிரீபெய்டு சிம்மை வையுங்கள். 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் எண்ணைத் துண்டிக்கலாம் என்பது விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மேலும் 30 நாள் வைத்திருப்பார்கள். மாதம் ஒரு முறை அதிலிருந்து வீட்டுக்கு ஒரு கால் செய்தால் இந்தக் கவலையே இல்லை. கால் போக ரீசார்ஜ் உயிரோடு இருக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

புயல் நேரத்தில் ஒரு கம்பெனி சிம்முக்கு இன்னொரு கம்பெனி டவரைத் திறந்துவிடச் சொல்லி அரசு உத்தரவிடுவதும் உண்டு. அப்போது செட்டிங்கில் மொபைல் நெட்வொர்க் போய், ஆட்டோமேட்டிக்கை ஆஃப் செய்து, பட்டியலில் சிக்னல் காட்டும் கம்பெனியைத் தொட வேண்டும். புயல் கடந்ததும் திரும்ப ஆட்டோமேட்டிக்கில் போட மறந்தால், “நெட்வொர்க் இன்னும் வரல” என்று நாலு நாள் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

கார்டை போட்டோ எடுத்து மொபைலில் வைத்தால் போதாதா?
– வாசகி, மதுரை

மொபைல் செத்தபோது தேவைப்படும் எண்ணை மொபைலுக்குள் பூட்டி வைப்பதா? தாளில் எழுதுங்கள்: ஆக்சஸ் நம்பர், பின் நம்பர், 011-இலிருந்து முழுதாக வீட்டு எண், வேறு ஊரில் இருக்கும் ஒருவரின் எண். ஜெல் பேனா மழையில் கரையும். பால் பாயின்ட் நல்லது. வெள்ளிப் பூச்சை வாங்கிய அன்றே நாணய விளிம்பால் மெதுவாகச் சுரண்டிவிடுங்கள். அவசரத்தில் நகத்தால் பறண்டினால் பூச்சோடு ஒரு இலக்கமும் சேர்ந்து வந்துவிடும். அப்படிப் போனால் கஸ்டமர் கேர் கேட்பது சீரியல் எண்ணையும் ரசீதையும்தான். அந்த ரசீது தெர்மல் தாள், பர்ஸில் ஆறு மாதம் கிடந்தால் வெறும் வெள்ளைக் காகிதம் ஆகிவிடும். அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.