வலி போகவில்லை என்றால் மரபணு டெஸ்ட் எடுக்கணுமா?

வாசகர் கேள்வி: எனக்கும் அக்காவுக்கும் ருமடாய்டு ஆர்த்ரைடிஸ் என்ற மூட்டுவாதம். இருவருக்கும் மெத்தோட்ரெக்சேட் மருந்துதான். அவள் நன்றாக இருக்கிறாள், எனக்கு வலி விட்டபாடில்லை. நரம்பு ஏற்பிகளின், அதாவது செல்லின் மேல் சைகையை வாங்கும் புரதங்களின், மரபணுவைப் பார்த்தால் எனக்கேற்ற மருந்து தெரிந்துவிடுமாமே, டெஸ்ட் எடுக்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். வலியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள், வீக்கத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லையே! முதலில் அதைப் பாருங்கள். காலையில் எழுந்து ஒரு மணி நேரமாகியும் விரல் மடங்க மறுக்கிறதா, விரல் கணுவை அழுத்தினால் மெத்தென்று இருக்கிறதா, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சிஆர்பி, இஎஸ்ஆர் அளவுகள் ஏறியிருக்கிறதா? அப்படியானால் அழற்சியே இன்னும் அடங்கவில்லை, மருந்தைக் கூட்டுவதா அல்லது வேறொன்றைச் சேர்ப்பதா என்று மருத்துவர் முடிவெடுப்பார், அதற்கு எந்த மரபணு ரிப்போர்ட்டும் வேண்டியதில்லை. வீக்கமெல்லாம் வற்றியும் வலி மட்டும் நிற்கிறது என்றால் கதை வேறு: பழைய மூட்டுச் சேதம், சரியில்லாத தூக்கம், வலியைக் கடத்தும் நரம்புகள் சின்னச் சீண்டலுக்கே கத்தப் பழகிவிட்டது என்று பல காரணம் இருக்கலாம். மெத்தோட்ரெக்சேட்டை ஏற்றிக்கொண்டே போனால் இதில் எதுவும் தீராது.

சரி, நரம்பு ஏற்பிக்கும் மூட்டுவாதத்துக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, சுவாரசியமாகவே இருக்கிறது. மூளையிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பைத் தூண்டினால் அந்தச் சைகை மண்ணீரல் வரை போய், அங்குள்ள மேக்ரோஃபேஜ் என்ற நோயெதிர்ப்புச் செல்களின் ஆல்ஃபா-7 நிகோடினிக் ஏற்பியைத் தட்டி, டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தைக் குறைக்கிறது என்பதுதான் அமெரிக்க ஆய்வாளர் கெவின் டிரேசியின் குழு 2000களில் எலிகளை வைத்துக் காட்டியது. அந்த வழியைப் பிடித்து, கழுத்தில் பொருத்தும் வேகஸ் தூண்டி ஒன்றுக்கு 2025இல் அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதி தந்தது, அதுவும் அழற்சிப் புரதங்களைக் குறிவைக்கும் ஊசி மருந்துகள் போன்ற உயிரியல் மருந்துகள் பலிக்காத அல்லது ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு. இந்த ஏற்பியின் மரபணுவுக்குப் பாதி நகல் ஒன்று மனிதர்களிடம் மட்டும் உண்டு, எத்தனை நகல் என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் அதை எண்ணிப் பார்த்து இன்னாருக்கு இந்த மருந்து என்று எழுதும் நிலை இன்னும் வரவில்லை.

மார்ஃபின் வகை வலி மருந்துகள் வேலை செய்யும் ஓபியாய்டு ஏற்பியின் மரபணுவும் இதே நிலைதான், ஆய்வுக்கு ஆய்வு முடிவு மாறுகிறது. அந்த வகை வலி மருந்துகளான டிரமடால், கோடீன் கொடுக்கும்போது உண்மையிலேயே உதவக்கூடியது சிஒய்பி2டி6 டெஸ்ட், அது இந்த மருந்துகளை உடலில் மாற்றும் கல்லீரல் நொதியின் மரபணு, நரம்பு ஏற்பியே அல்ல!

அப்புறம் ஒன்று. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. வலிக்கிறதே என்று இன்னொரு நாளும் போட்டுவிடாதீர்கள், ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.