வாசகர் கேள்வி – பதில்: ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்தவர்

கடந்த இதழுக்குப் பின் வந்த கடிதங்களுள் ஐந்து, ஷெர்லாக் ஹோம்ஸ் என்ற துப்பறிவாளரைப் படைத்த ஆர்தர் கொனன் டொயில் பற்றியவையாக அமைந்திருந்தன. அவற்றுக்கு மட்டுமே இம்முறை பதில் எழுதுகிறேன்.

கேள்வி: மரபணுச் சோதனையும் கண்காணிப்புக் கமெராவும் வந்துவிட்ட இக்காலத்தில், நூறு வருடங்களுக்கு முந்திய துப்பறியும் கதைகளைப் பிள்ளைகள் இன்னும் விழுந்து விழுந்து வாசிக்கிறார்களே, அவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது? (ஓய்வுபெற்ற ஆசிரியர், ஹப்புத்தளை)

பதில்: ஹோம்ஸ் அறிமுகமான முதல் நாவல் 1887 இல் வெளிவந்தபோது, அதன் உரிமையை 25 பவுணுக்கு விற்றுவிட்ட இளம் வைத்தியர்தான் டொயில். 1891 முதல் சஞ்சிகையில் சிறுகதைகள் வெளிவரத் தொடங்கிய பிறகே நாடு முழுவதும் அந்தப் பாத்திரத்தைக் கொண்டாடியது. 1893 இல் அவர் ஹோம்ஸை ஓர் அருவியில் விழுந்து இறந்ததாக எழுதி முடித்தும், வாசகர் விடவில்லை. 1903 இல் மீண்டும் உயிரோடு கொண்டுவர நேர்ந்தது. 1927 வரை அவர் எழுதிய ஹோம்ஸ் கதைகள், 4 நாவல்களும் 56 சிறுகதைகளும் ஆகும்.

இத்தனை காலம் அவை நிற்பதற்குக் காரணம், குற்றவாளி யார் என்ற புதிர் மட்டும் என்றால் ஒருமுறை வாசித்ததும் கதை செத்துப்போயிருக்க வேண்டும். முடிவு தெரிந்த பின்னரும் நாம் திரும்பத் திரும்ப வாசிப்பது, ஒரு மனிதன் எப்படிப் பார்க்கிறான் என்பதைக் காண்பதற்காகவே. எடின்பரோவில் டொயிலுக்கு வைத்தியம் கற்பித்த பேராசிரியர் ஜோசப் பெல், முன்பின் அறியாத ஒரு நோயாளியைப் பார்த்த மாத்திரத்தில், அவர் அண்மையில் படையிலிருந்து விலகியவர் என்றும், பார்படோஸ் தீவில் பணியாற்றியவர் என்றும் சொல்லி மாணவரைத் திகைக்க வைத்தார். பின்பு தாமே காரணத்தையும் விளக்கினார்: மரியாதை தெரிந்த அந்த மனிதர் தொப்பியைக் கழற்றவில்லை, அது படையின் வழக்கம், விலகி நெடுநாளாகியிருந்தால் அந்தப் பழக்கம் மாறியிருக்கும், அவருக்கு இருந்ததோ யானைக்கால் நோய், அது பிரித்தானியாவின் நோயன்று, மேற்கிந்தியத் தீவுகளின் நோய். ஹோம்ஸின் முறை முழுவதும் இந்த ஒரு காட்சியில் அடங்கியிருக்கிறது. அவர் கண்டது எல்லோர் கண்ணிலும் பட்டதுதான். மற்றவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை.

இது நமக்கு அந்நியமான வித்தை அன்று. தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்த என் தாத்தா, நிறுவைக்கு வந்த கூடையிலிருந்து ஒரு பிடி கொழுந்தை அள்ளிப் பார்த்தே அது எந்த நம்பர் மலையில் எடுத்தது என்று சொல்லிவிடுவார். கவ்வாத்து வெட்டி, அதாவது செடிகளைக் கத்தரித்துவிட்டு, சில மாதங்களே ஆன மலையின் கொழுந்து பருத்து மென்மையாக இருக்கும் என்றும், அடுத்த கவ்வாத்துக்கு நாள் நெருங்கிய மலையில் அது சிறுத்துக் கடினப்பட்டுவிடும் என்றும் எனக்குக் கையில் வைத்துக் காட்டியிருக்கிறார். பிற்காலத்தில் ஹோம்ஸ் கதைகளை வாசித்தபோது, அவற்றில் என் தாத்தாவின் விரல்களைத்தான் நான் கண்டேன். ஆகவே ஐயா, உங்கள் மாணவர்கள் நேரத்தை வீணடிப்பதாக எண்ணாதீர்கள்.

கேள்வி: கதையில் துப்பறிய வைத்த டொயில் நிஜ வாழ்க்கையில் எவருக்காவது உதவினாரா? (வாசகி, பொகவந்தலாவை)

பதில்: உதவினார், அவர் எழுதிய எந்தக் கதையையும்விட அது என்னை நெகிழ வைக்கிறது. ஜோர்ஜ் எடல்ஜி என்ற இளம் சட்டத்தரணியின் தந்தை, பம்பாயிலிருந்து சென்று இங்கிலாந்தின் ஒரு கிராமத்தில் பாதிரியாராகப் பணியாற்றிய பார்சி இனத்தவர். அக்கிராமத்தில் இரவு நேரங்களில் கால்நடைகளை யாரோ வெட்டிக் காயப்படுத்தியபோது பழி எடல்ஜி மீது விழுந்து, 1903 இல் அவருக்கு 7 வருடக் கடூழியச் சிறை விதிக்கப்பட்டது. மூன்று வருடங்களின் பின் விடுதலையானவரை டொயில் ஒரு ஹோட்டலில் சந்திக்கச் சென்றார். எடல்ஜி பத்திரிகையைக் கண்ணுக்கு மிக அருகில், சற்றுச் சாய்த்துப் பிடித்து வாசித்துக்கொண்டிருந்ததை அவர் தூரத்திலிருந்தே கவனித்தார். கண் வைத்தியமும் பயின்றிருந்த டொயிலுக்கு, இவ்வளவு பார்வைக் குறைவு உள்ளவர் கும்மிருட்டில் வயல்களைக் கடந்து சென்று விலங்கை வெட்டியிருக்க முடியாது என்பது அந்தக் கணமே புலப்பட்டது. 1907 இன் தொடக்கத்தில் அவர் பத்திரிகையில் எழுதிய நீண்ட கட்டுரைகளின் விளைவாக அவ்வருடமே எடல்ஜிக்கு மன்னிப்பு வழங்கப்பட்டது. ஆனால் இழந்த மூன்று வருடங்களுக்கு இழப்பீடு கொடுக்கப்படவில்லை. அதே வருடம் இங்கிலாந்தில் குற்றவியல் மேன்முறையீட்டு நீதிமன்றம் உருவானதற்கு இவ்வழக்கும் ஒரு காரணமாயிற்று.

நிறத்தைப் பார்த்து முதலில் சந்தேகப்படும் வழக்கத்தை அனுபவத்தால் அறிந்தவர்கள் நாம். அதனால்தான் இதைச் சற்று விரிவாகச் சொன்னேன். அதே டொயில் தமது இரண்டாவது ஹோம்ஸ் நாவலில் அந்தமான் தீவுவாசி ஒருவரை விலங்கைப் போலச் சித்திரித்திருப்பதையும் மறைக்க விரும்பவில்லை. அப்பக்கங்கள் என்னை இன்றும் வருத்துகின்றன.

கேள்வி: அவர் எழுத்தில் நம் நாடு எங்காவது வருகிறதா? (வாசகர், மஸ்கெலியா)

பதில்: 1891 இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் சிறுகதையிலேயே, திருகோணமலையில் ஹோம்ஸ் தீர்த்துவைத்த ஒரு விவகாரம் பற்றி ஒரு வரி வருகிறது. நம் மலைகளுக்கு நெருக்கமானது, ஹோம்ஸ் இடம்பெறாத, 1892 இல் எழுதப்பட்ட வேறொரு சிறுகதை. 1869 இல் இலங்கையில் தென்பட்ட இலைத்துரு நோய் கோப்பிப் பயிரை அழித்ததையும், அந்த இடத்தில் தேயிலை எழுந்ததையும் அதில் நினைவுகூரும் டொயில், வாட்டர்லூ போர்க்களத்தின் சிங்கச் சிலையைப் போலவே இலங்கையின் தேயிலை மலைகளும் மன உறுதிக்கு ஒரு நினைவுச் சின்னம் என்கிறார். அழகான வாக்கியம்தான். எனினும் அங்கே அவர் போற்றுவது தோட்டத் துரைமாரின் உறுதியை. தமிழகத்திலிருந்து நடந்து வந்து காட்டை வெட்டியவர்களும், கன்றுகளைச் சுமந்து சரிவுகளில் நட்டவர்களும் அந்தக் கதையில் இல்லை. நுணுக்கமாகப் பார்க்கத் தெரிந்த அந்தக் கண்ணுக்கும் அவர்கள் தென்படவில்லை.

கேள்வி: தமிழில் அவருடைய செல்வாக்கு உண்டா? (மாணவி, பதுளை)

பதில்: உண்டு. மூளையும் துணையுமாக இருவர் சேர்ந்து துப்பறியும் அமைப்பு, சுஜாதாவின் கணேஷ், வசந்த் வரை தொடர்கிறது. ஆனால் வசந்த், ஹோம்ஸின் நண்பரான வாட்சனைப் போல வியந்து நிற்பவன் அல்லன். தமிழ்வாணனின் சங்கர்லால் சிந்திப்பதற்குத் தேநீரைத் தேடுவது, நம் பக்கத்து வாசகருக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி: ஹோம்ஸை வாசிக்க விரும்புகிறேன். எதில் தொடங்கலாம்? (உயர்தர மாணவர், தலவாக்கலை)

பதில்: நாவல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, 12 சிறுகதைகள் கொண்ட முதல் தொகுதியைத் தேடுங்கள். அதில் செந்நிறத் தலைமுடி உடையவர்களின் சங்கம் பற்றிய கதை ஒன்று உண்டு. அக்கதையில் ஹோம்ஸ் ஓர் அடகுக் கடையின் முன் நின்று தம் கைத்தடியால் நடைபாதையை இரண்டு மூன்று தடவை தட்டுவார். பிறகு கதவைத் தட்டி, கடை உதவியாளனிடம் வழி விசாரிப்பார். தாம் பார்க்க விரும்பியது அவன் முகத்தை அன்று, அவனுடைய காற்சட்டையின் முழங்கால்களை என்று வாட்சனிடம் சொல்வார். அந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து, உங்களுக்குத் தோன்றுவதை ஒரு தாளில் எழுதிய பின்னர் மீதியை வாசியுங்கள். எழுதிய தாளை எனக்கு அனுப்பினால் மகிழ்வேன்.